சோப்பில் கிடந்த திருகாணித் தடம்

ரெய்னோ,

மான் சீசன் முதல் நாள், கிளம்பிவிட்டேன். இறைச்சி அடைத்த பாஸ்டி அடுப்புக்குள் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

"சவுனா குளியலறைச் சோப்பை யாரு இப்படிக் குத்திக் குதறினது?" என்று நேற்றுக் கத்தினேன். இப்போது துப்பாக்கியை எடுத்ததும்தான் புரிந்தது. அதன் புது மரக்கட்டையில், தோளில் தொங்கவிடும் வாரை மாட்டும் கொக்கி இரண்டையும் நீயே பொருத்தியிருக்கிறாய். மரம் பிளக்காமல் இருக்கத் திருகாணியைச் சோப்பில் தேய்த்து முடுக்கியிருக்கிறாய்! மரத்தில் ஒரு கீறல் இல்லை. முன்பக்கத் திருகாணி குழலைத் தொடவுமில்லை. வாரைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன், அசையவே இல்லை. ஒரு மானைக்கூடச் சுடாத மனுஷனுக்கு இவ்வளவு கைவேலையா!

மதியம் என் அண்ணன் அர்வோ வருவான். "உன் புருஷன் தொட்டா அது விறகுதான்" என்று சிரித்தானே, அவன் சோப்புத் தேய்க்காத வெறும் திருகாணியை முடுக்கித் தன் துப்பாக்கிக் கட்டையைப் பிளந்துவிட்டானாம். வேறொரு கட்டையோடு உன்னிடம்தான் வருகிறான். உடனே சரி என்று சொல்லிவிடாதே. கொஞ்சம் கெஞ்சட்டும்.

ஐலி

பி.கு: நான் குப்பையில் வீசிய சோப்பை எடுத்துக் கழுவி, உன் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அண்ணன் கண்ணில் மட்டும் காட்டிவிடாதே.