பத்து நிமிட இடைவேளை

அன்புள்ள நர்ஸம்மா,

நீ பயிற்சிக்குப் போன இந்த மூன்று வாரத்தில் வீட்டில் எல்லாம் நலம், உன் மகள் என்னைத் "தலைவர் அவர்களே" என்று கூப்பிடுவதைத் தவிர.

பள்ளிக் குழுவுக்கு நான் தலைவர், அவள் மாணவர் பிரதிநிதி. போன கூட்டத்தில் அவள் குடிநீருக்கு இன்னும் நான்கு குழாய் கேட்டாள். நான்தான், "அறுநூறு பேருக்கு ஒண்ணு தாராளமா போதும்மா" என்று வாயை விட்டேன். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட, "தலைவர் அவர்களே, உப்பை இப்படித் தள்ளுங்க" என்கிறாள்.

இன்றைய கூட்டத்தின் நடுவே எழுந்து, "எங்களுக்கு விடுற மாதிரி பத்து நிமிஷம் இடைவேளை விடலாமா?" என்றாள். நல்ல பிள்ளை என்று நானே தலையாட்டினேன். தண்ணீர் குடிக்க வெளியே போனால் பிள்ளைகளுக்கும் அதே நேரத்தில் இடைவேளை! அந்த ஒற்றைக் குழாய் வரிசையில் எனக்கு முன்னால் தலைமையாசிரியை, அவருக்கு முன்னால் எண்பது பிள்ளைகள். ஒரு பொடிசுகூட வழிவிடவில்லை. எல்லாம் அவள் சொல்லிவைத்ததுதான்.

எங்கள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வறண்ட தொண்டையோடு திரும்பி வந்து நான்கு குழாய்க்கும் கை தூக்கினோம். முதலில் தூக்கியது யார் என்று நீயே சொல்.

வரும் வழியில், "இப்பவாவது அப்பான்னு கூப்பிடேன்" என்று கெஞ்சினேன்.

"தீர்மானம்தானே போட்டிருக்கீங்க? தண்ணி வரட்டும், பார்க்கலாம்."

பிளம்பர் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். இதற்குள் நான்கு முறை போன் செய்துவிட்டேன்.

இப்படிக்கு,
வியாழக்கிழமை வரை வெறும் தலைவர்