லிப்சா முந்திப் பாடிய வரி

அன்பு அம்மாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சனிக்கிழமை நடந்த கீர்த்தனைப் போட்டியில் எங்கள் பல்லடம் பள்ளி தோற்றது. மூன்று வருடமாக ஷீல்டு எங்களிடம்தான் இருந்தது. பனியன் கம்பெனியில் தைக்கும் ஒடிசாக்காரர் ஒருவரின் மகள் லிப்சா. இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் ஒத்திகைக்கு வந்து தமிழ் வரிகளைப் படித்தவள். "அந்தப் புள்ளைய வாய மட்டும் அசைக்கச் சொல்லிருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. நான் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. மேடையில் அவள் சந்தோஷத்தில் ஒரு வரியை முந்திப் பாடிவிட்டாள். "ஏ லிப்சா, ட்ரெயினுக்கு நேரமாச்சா?" என்று கூடப் பாடிய தரணி கேலி செய்ய, அவளே சிரித்துவிட்டாள். தோற்றதால், என் வேலையை நிரந்தரமாக்குவதை இனி ஜூனில் பார்க்கலாம் என்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

நம் கோயிலில் நீங்கள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழக்கிய நாட்களை நினைத்துக்கொண்டேன். என்ன பரிசு வாங்கினோம் என்பது மறந்தே போயிற்று. ஒரே பாயில் நெருக்கி உட்கார்ந்ததும், ஆர்மோனியத்தில் சிக்கிக்கொள்ளும் கட்டையை நீங்கள் பாட்டை நிறுத்தாமலே தட்டி எழுப்பியதும் மறக்கவில்லை.

இன்று ஒத்திகை கிடையாது. ஆனாலும் மணி அடித்ததும் லிப்சாவும் எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "தோத்தாலும் பாட்டு உண்டுங்களா டீச்சர்?" என்கிறான் தரணி. உண்டு என்று சொல்லிவிட்டேன்.

புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒரு பாட்டு வேண்டும். நீங்கள் பாடி, தம்பியின் போனில் பதிந்து அனுப்புங்கள். தொடங்கும்முன் தொண்டையைச் செருமுவீர்களே, அதை வெட்டிவிட வேண்டாமென்று அவனிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

உங்கள் எப்சிபா