கொடியடுப்பை அடைத்த வாரம்

ஜூன் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். சவுக்காரம் காய்ச்சும் கொட்டகைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். தோட்ட ஆபீசில் வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுத வேண்டுமாம். இந்த நாட்குறிப்பில் 1943தான்.

கொடியடுப்பு வேலை செய்கிறது. பெரிய அடுப்பில் சாம்பல் காரநீர் கொதிக்கும்போதே, அதே தீ பக்கவாட்டில் போய் அடுத்த கொப்பரையில் தேங்காய் எண்ணெயையும் காய்ச்சிவிடுகிறது. விறகு பாதிதான். வடித்த சாம்பலில் இன்னொரு முறை வெந்நீர் விட்டுப் பார்த்தேன். காரம் மிச்சம் இருந்தது. கடையில் சோப்பு இல்லாமல் நாங்களே காய்ச்சும் சவுக்காரத்துக்கு அச்சு, ரப்பர்ப் பால் உறையவைத்த பழைய தட்டுகள். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. வாங்க எதுவும் இல்லை. நான் வேலை பார்த்த சிரம்பான் பள்ளிக்கூடம் மூடியபின், சென்னையில் படித்த ரசாயனத்துக்கு இப்படி ஒரு பயன்.

சவுக்காரம் கிண்டும் முனியம்மா: “இம்புட்டுப் பெரிய கொடியடுப்பு கல்யாண வூட்டுலகூட பாத்ததில்ல டீச்சரம்மா. மாப்பிள்ளதான் எங்கன்னு தெரியல.”

வேண்டியவை: உப்பு, கோணி, தீக்குச்சி (கிடைத்தால்).

ஜூன் 16, புதன்

வெயில். முனியம்மாவின் புருஷன் காத்தான்தான் எங்கள் விறகுவெட்டி. இன்று வெட்ட ஒன்றும் இல்லை. மதியமே கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீடி. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார்.

“என்னடா காத்தான், தொரை மாதிரி உக்காந்திருக்க?”

பிறகு என்னைத் தனியே அழைத்து, “டீச்சர், சனிக்கிழமை ஜப்பான் ஆபீசர் வர்றான். சயாம் ரயில்பாதைக்கு இன்னும் ஆள் வேணுமாம். சும்மா இருக்கிறவன் யாருன்னுதான் பாப்பான். அப்பறம் என்னைக் கேக்காதீங்க லா.”

இங்கிருந்து சயாம் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. மூன்று மாத வேலை என்றார்கள். நான் அப்போதே நம்பவில்லை. நான் நம்பாதது யாருக்கும் உதவவில்லை.

விறகை மிச்சம் பிடித்தேன். மிச்சமானது காத்தான்.

ஆபீசரிடம் கெஞ்சலாமா? எந்த மொழியில்?

ஜூன் 18, வெள்ளி

கொடியடுப்பின் வாயைக் களிமண்ணால் அடைத்தோம். எண்ணெய்க்குப் பழையபடி தனி அடுப்பு, தனி விறகு, காத்தானுக்கு வேலை. காத்தான் மண் குழைத்தான். முனியம்மாதான்: “நல்லாப் பூசுய்யா. ஒன் சமாதிக்கா பூசுற, இம்புட்டு மெதுவா?”

இன்னொரு பயம். விறகை இப்படித் தின்கிறதே என்று கொட்டகையையே மூடிவிட்டால்? அப்போது எல்லா ஆண்களும் சயாம் போக வேண்டியதுதான். எவ்வளவு வீணடித்தால் போதும், எவ்வளவு அதிகம்? எந்தப் பரீட்சையிலும் இதற்கு விடை எழுதியதில்லை.

சுவா ஊரிலிருந்து வியாபாரி காதர் நானா எண்ணெய் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஆள் பிடிக்கும் லாரி என்றார்.

மண் காயவில்லை.

ஜூன் 19, சனி

வந்தான். இளைஞன், கண்ணாடி போட்டவன். அவன் பேசிய அரைகுறை மலாய் மொழியைக் கிராணி தமிழாக்கினார். சவுக்காரத்தை முகர்ந்து, நல்லது என்றான். பிறகு பிரம்பால் ஈரக் களிமண்ணைத் தட்டினான். இது என்ன?

“பழைய அடுப்பு வாய். சரியாக எரியவில்லை. அடைத்துவிட்டோம்.”

திற, பற்றவை என்றான்.

மு. விறகெடுக்கப் போனாள். காய்ந்த அடுக்கைத் தாண்டிப் போய், இன்று வெட்டிய பச்சை ரப்பர்க் கட்டைகளை அள்ளி வந்தாள். நான் பார்த்தேன். கிராணியும் பார்த்தார். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஒரே புகை. எண்ணெய் சூடாகவே இல்லை. அவன் குந்தி உட்கார்ந்து ஊதுகுழலை வாங்கித் தானே ஊதினான். கண்ணாடிக்குள் கண்ணீர். ஒரு தடவை தீ பிடித்துக்கொண்டது. மு. என் புடவையைப் பற்றினாள். பிறகு அணைந்தது.

எழுந்து என்னை அறைந்தான். காலேஜ் படித்தவளாம், ஓர் அடுப்பு கட்டத் தெரியவில்லையாம். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். “ஆமாம்” என்றேன்.

விறகுக்கு எத்தனை ஆள் என்று கேட்டான்.

“ஒருவன்தான். போதவில்லை.”

காத்தானின் கையைத் திருப்பி, காய்ப்பைத் தடவிப் பார்த்தான். இவன் இங்கேயே இருக்கட்டும் என்றான். அடுத்த மாதம் மறுபடி வருவானாம்.

மு. கன்னத்துக்கு மஞ்சள் பற்று அரைத்து வந்தாள். “அவன் ஊதுன ஊதுக்கு ஒரு பானை சோறு வடிச்சிருக்கலாம். மூஞ்சியப் பாத்தீங்களா, கரிச்சட்டி!” சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அப்படியே அழுகையாகிவிட்டது.

ஜூன் 20, ஞாயிறு

கன்னம் வீக்கம். இடது காதில் இரைச்சல். மேகமூட்டம்.

விடிந்ததிலிருந்து காத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறான். தேவையில்லாத விறகு. கொட்டகையில் வைக்க இடமில்லை. வெட்டட்டும். சாலைவரை கேட்கட்டும்.

இப்போது ரெம்பாவ் சாலையில் லாரி. கோடாரி நின்றது.

லாரி நிற்காமல் போய்விட்டது.

“போயிருச்சுய்யா. வெட்டு” என்கிறாள் மு.

காத்தான் வெட்டவில்லை, சாலையையே பார்க்கிறான்.