வெங்காய விலைக்குக் கோழிக்கறி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கும்மிடிப்பூண்டி வண்டி தாமதம். ராயபுரத்தில் இறங்கும்போதே சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்று: ஏஜென்சி விலைப் படிவம் (கடைசி நாள்). பிரின்டருக்கு மை. அம்மாவுக்குக் கால்வலித் தைலம். நூலகப் புத்தகம், மறுபடியும் தாமதம்.

தைலம் மறந்தது. படிவம் போய்விட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி ஏற்றிக் கொடுக்கும் கடை எங்களுடையது. இந்த ஏஜென்சியின் கப்பல்கள் கிடைத்தால் வருடம் முழுக்க வேலை. அவர்கள் அனுப்பிய கோப்பையே நிரப்பித் திருப்ப வேண்டும், பிடிஎஃப் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் செய்த கோப்பு. நான் நம் இலவச மென்பொருளில் திறந்து நிரப்பினேன். அட்டவணை ஒழுங்கு. அட்டவணைமேல் தனியாக ஒட்டியிருந்த, விலை எழுதும் குட்டிக் கட்டங்கள் அதனதன் வரியில்.

முதலாளி அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தானம்மா இருக்கு?”

“சரியா இருக்கு அண்ணாச்சி.”

ஜூன் 11, புதன்

ஏஜென்சி கிளார்க்கிடமிருந்து போன். “இன்னா மேடம், கோழிக்கறிய வெங்காய வெலைக்குக் குடுக்கறீங்களாமே? இனிமே எங்க ஆபீசுக்கே உங்க கடைலதான் சாப்பாடு.” பின்னால் நாலைந்து பேர் சிரிப்பு.

திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அவர்கள் கணினியில் எழுத்துரு வேறு. வரிகளின் உயரம் குறைந்து அட்டவணை மேலே ஏறிவிட்டது. விலைக் கட்டங்கள் மட்டும் நான் விட்ட இடத்திலேயே. வெங்காயத்தின் விலை கோழிக்கறிக்கு நேரே. முட்டைக்கு நேரே கோழிக்கறியின் விலை.

திருத்தி அனுப்பட்டுமா என்றேன். “டைம் முடிஞ்சிபோச்சி மேடம். வேற கடைக்குக் குடுத்தாச்சி.”

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். “ஏம்மா, மவன் அந்த சாப்ட்வேர வாங்கிப் போடுதேன்னான். நீ சொன்னேன்னுதான வேண்டாம்னேன். உன்னய நம்புனேம்லா.” பிறகு, “யாரு சொல்லி இதப் போட்ட?”

“நானேதான் அண்ணாச்சி.”

அருளின் பெயர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வியாசர்பாடி குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறுதோறும் இந்த இலவச மென்பொருளை வைத்துக் கணினி வகுப்பு நடத்துகிறான் அருள். நானும் கூடப் போய்ச் சொல்லித் தருவேன். மற்ற நாட்களில் அவன் எண்ணூரில் கன்டெய்னர் யார்டு குமாஸ்தா. எழுதியது எழுதியவருக்கே சொந்தம், அதைத் திறக்க ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்டக்கூடாது என்பான். எத்தனையோ புத்தகங்களில் படித்தது ஒரு மனிதனாக எதிரே நின்று பேசியதுபோல் இருந்தது. இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. மூன்று பழைய படிவங்களைக் கொடுத்து, இதில் நிரப்பினால் சரியாக வருமா என்று கேட்டேன். நிரப்பிக் கொண்டுவந்தான். “பாத்துக்கோ, ஒரு கோடு நவுரல.” பிரவுசிங் சென்டரில், காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் திறந்து பார்த்தேன். நகரவில்லை. அதைக் காட்டித்தான் அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மதியம் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் நின்று அருளுக்குப் போன்.

“கடைசில ஒருதபா ஒரிஜினல்ல தொறந்து சேவ் பண்ணலியா நீ?”

“எந்த ஒரிஜினல்?”

“காசு குடுத்து வாங்கறது. எங்க யார்டு ஆபீஸ்ல கீதே. வெளிய போறத எல்லாம் அதுல ஒருதபா பாத்துட்டுதான் அனுப்புவேன். யாரு ரிஸ்க் எடுப்பா?”

“நான் குடுத்த மூணு ஃபாரம்?”

“அதுவுந்தான். ரெண்டு கட்டம் நவுந்துகினு இருந்துச்சு, தட்டி வெச்சேன். உள்ளத சொல்லியிருந்தா உங்க அண்ணாச்சி ஒத்துக்கினு இருப்பாரா? நல்ல விசயத்துக்குத்தான ஜெயா.”

போனை வைத்துவிட்டேன். வெங்காய மூட்டை வாடை. மதியச் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

ஜூன் 13, வெள்ளி

அண்ணாச்சி மகன் அந்த மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டான். இனி வெளியே போகும் மெயில் எல்லாம் அவன் பார்ப்பானாம். எனக்குக் கிட்டங்கியில் சரக்கு வரவு எழுதும் வேலை. “கொஞ்ச நாளைக்கும்மா” என்றார் அண்ணாச்சி, என் முகத்தைப் பார்க்காமல்.

மென்பொருள்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கோப்பின் விதிகளை முழுக்க வெளியே சொல்லாதவர்கள் யாரோ. அதை ஊகித்துத் திறக்கும் இலவச மென்பொருளை எழுதியவர்களுக்குக் கெட்ட பெயர். கோப்பைத் திறப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடப்பது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் நாவல் படித்தே வளர்ந்தவள் நான், எங்கோ ஏதோ விடுபடும் என்று எனக்குத் தெரியாதா? விடுபடும் என்று அருள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூடவே நின்று சண்டை போட்டிருப்பேன்.

எனக்கும் சேர்த்து அவனே முடிவு செய்திருக்கிறான். உண்மையைத் தாங்கமாட்டாள் என்று. அதுதான் நெஞ்சில் கிடக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, ஷேர் ஆட்டோ.

கூடத்தில் பதினோரு பெண்கள். தேவி கையைத் தூக்கினாள். நாளைக்கு ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிங் வேலைக்கு மனுப் போடுகிறாள். வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரி ஆகப்போகிறவள்.

“சார், பயோடேட்டாவ இதுலயே அடிச்சி அனுப்பலாமா? அங்க அப்டியே தொறக்குமா?”

“தாராளமா அனுப்பு,” என்றான் அருள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் தேவியின் கணினியை இழுத்து, பயோடேட்டாவைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். “இத அனுப்பு. இது நவுராது.”

“இன்னா ஜெயா, எம்மேல நம்பிக்கை இல்லியா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

“நீ வெளிய அனுப்பறப்போ எப்டி அனுப்புவ அருள்? அத இவங்ககிட்ட சொல்லு.”

தேவி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அடுத்த பாடத்துக்குப் போலாம்,” என்றான்.

யாரும் பாடக் குறிப்பின் பக்கத்தைத் திருப்பவில்லை.