சம்பந்தியம்மாவிடம் ஒப்பித்த வினைச்சொல்

பதுளை, ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகன் ஜெயன் கட்ட விரும்புவது ஸ்பெயின் நாட்டுப் பெண்ணை. "என் மகள் மனம் நொந்தால் உன் வீட்டாரிடம் நான் எப்படிப் பேசுவது?" என்று அவளுடைய அம்மா அவனிடம் கேட்டிருந்தார். அதனால்தான் மூன்று வாரமாக ஸ்பானிய மொழியில் 'பேசு' என்ற வினைச்சொல்லையே படித்தேன்.

இன்று மாலை வீடியோவில் அந்த அம்மாவின் முகத்தைக் கண்டதும் வணக்கம் சொல்லக்கூட வரவில்லை. நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைப் போல எழுந்து, கைகட்டி நின்று, அப்லோ, அப்லாஸ், அப்லா என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். பேசுகிறேன் முடிந்து பேசினேன், பேசுவேன், பேசட்டும் வரை நிறுத்தவில்லை.

"ஏங்க, பேசச் சொன்னா பாடம் ஒப்பிக்கிறீங்களே!" என்று என் மனைவி மேரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அங்கே அவர் பக்கத்தில் இருந்த ஜெயனிடம் வேகமாக ஏதோ சொன்னார்.

"அப்பா, சம்மதமாம். இந்த வயசுல அவங்களோட பேச இவ்வளவு படிச்சவர் வீட்டுக்குப் பொண்ணை அனுப்பப் பயமில்லையாம். ஆனா கல்யாணத்துக்கு அவங்க வர்றதுக்குள்ள இன்னொரு வினைச்சொல்லாவது படிச்சு வைக்கணுமாம்."

ஆண்டவரே, நன்றி. 'சாப்பிடு' என்பதைத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தானே சொல்ல வேண்டும். கோமோ, கோமேஸ், கோமே. மேரி விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.