டிரம்பெட் கேட்டவருக்குச் சவப்பெட்டி

ஏப்ரல் 14
தம்பி ரதோமிர் காலையிலேயே வந்துவிட்டான். அவனுடைய டிரம்பெட் குழுவுக்கு ஓர் இணையதளம் வேண்டுமாம். வருடா வருடம் நடக்கும் டிரம்பெட் விழாக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் யாரை அழைப்பது என்று முடிவு செய்வார்கள். சில வருடங்களாக இவர்களுக்கு அழைப்பே இல்லை.
"அக்கா, இந்த வாட்டியும் கூப்பிடலைன்னா குழுவக் கலைச்சிடுவேன்."
காபியோடு ஒரு சின்ன கிளாஸ் ரக்கியா பழச்சாராயமும் வைத்தேன்.

ஏப்ரல் 16
புது சர்வர் எதற்கு? பிளகோயேயின் ஈமச்சடங்கு நிறுவனத் தளம் ஏற்கெனவே என் சர்வரில்தான் இருக்கிறது. இரண்டு தளத்துக்கும் எண் முகவரி ஒன்றே என்றாலும், எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்களோ அந்தத் தளத்தைக் கொடு என்று சர்வருக்குச் சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். சட்டென்று முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 17
ரதோமிர் விழாக்காரர்களுக்கு முகவரி அனுப்பிவிட்டான்.

ஏப்ரல் 20
ஐயோ. அத்தை போன் செய்தாள். "என்னடி, தம்பி போட்டோ பார்க்கலாம்னு போனா சவப்பெட்டி விலை வருது? யாருக்கு என்ன ஆச்சு?"
ரதோமிர் எல்லோருக்கும் முகவரிக்கு முன்னால் www போட்டு அனுப்பியிருக்கிறான். நான் சர்வருக்குச் சொன்னது www இல்லாத பெயரை மட்டும். தெரியாத பெயரைக் கேட்டால் அது முதலில் இருக்கும் தளத்தை எடுத்து நீட்டும் — முதலில் இருப்பது பிளகோயே! இதுகூடவா மறக்கும் எனக்கு? ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. ஆனால் விழாக்காரர்கள் பார்த்திருந்தால்?

ஏப்ரல் 21
தம்பியிடம் சொன்னேன். "டிரம்பெட் கேட்டவங்களுக்குச் சவப்பெட்டியக் காட்டுனியா? ரொம்ப நல்லா இருக்குக்கா!" கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அழுகையாக வருகிறது.

ஏப்ரல் 23
சந்தையில் பிளகோயே பிடித்துக்கொண்டார்.
"விழாவுலேர்ந்து ஒருத்தர் என் தளத்துல இருந்த நம்பரப் பார்த்து எனக்கு போன் பண்ணாரும்மா. 'டிரம்பெட் குழுவா?'ன்னாரு. தப்பான நம்பர்னு வெச்சிருக்கலாம், மனசு கேக்கல. 'நான் பொதைக்கிறவன்யா, வாசிக்கிறது அவங்க. போன மாசம் ஒரு சாவுல செத்தவரோட சம்சாரம், புருஷனுக்குப் புடிச்ச பாட்ட இன்னொரு தடவை வாசிங்கன்னு குழிகிட்டயே குழுவ நிறுத்திட்டாங்க. பாதிரியாரே தாளம் போட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?'னேன்."
வெங்காயக் கடை முன்னாலேயே அவரைக் கட்டிக்கொண்டேன். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

மே 2
அழைப்பு வந்துவிட்டது. குழு மொத்தமும் போகிற அளவுக்குப் பெரிய வண்டி ஊரில் பிளகோயேயிடம்தான் இருக்கிறது, அந்தக் கறுப்புச் சவ வண்டி. சும்மாவே தருகிறாராம். முன் சீட்டுக்கு இப்போதே சண்டை. பின்னால் ஏற ஒருவனும் தயாரில்லை.