கடலுக்குப் போனவரின் புள்ளிகள்

இன்று காலை வடசேரி பேருந்து நிலையத்தில், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த பேருந்தின் கதவு திறந்ததும் கருவாட்டு வாசம்தான் முதலில் இறங்கியது. பின்னால் கூடையோடு ஒரு பெண், பிறகு பள்ளிப் பிள்ளைகள், அதன்பின் யாருமில்லை. காலியான படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நான் ஏன் நின்றேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஐந்து வருடம் நீ வந்து இறங்கிய பேருந்து அது. தரையில் கால் வைத்ததும் துப்பட்டாவை முகர்ந்து பார்த்து, "ஏட்டி, எனக்க மேல மீன் மணக்குதா?" என்று கேட்பாய். மணக்கும். இல்லையென்று சொல்வேன்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. சந்தைக்குப் பக்கத்தில் வாழைக்குலைக் கிடங்கின் மாடியில் அதே அறையில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். உன் நாற்காலியில் இப்போது வேறொருத்தி உட்காருகிறாள், நல்ல பெண்.

போனில் ஆடும் அந்த விளையாட்டை உருவாக்கத் தொடங்கியபோது நாம் ஆறு பேர். ஆடுகிறவர்கள் பக்கத்துக்கு மூன்று பேராகப் பிரிந்து, கோட்டையைக் காத்துக் கப்பல்களை அனுப்பி மோதும் ஆட்டம். கோட்டைச் சுவரை வரைவதற்காக நீ வட்டக்கோட்டைக்குப் போய் ஒரு நாள் முழுக்க வெயிலில் படம் எடுத்து வந்தாய். எல்லாம் தமிழில் இருந்ததால் வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் வழியாகவே ஆட்டம் பரவியது. யாரை யாரோடு மோதவிடுவது என்று முடிவு செய்யும் ரேட்டிங் கணக்கை நம் இருவரிடமும் ஒப்படைத்தார், நாம் அண்ணன் என்று கூப்பிட்ட முதலாளி.

தன்னைவிடப் பலமானவரை வென்றால் நிறையப் புள்ளி, பலம் குறைந்தவரிடம் தோற்றால் பெரிய இழப்பு. அதுவரை நமக்குள் சண்டை இல்லை. விளையாடாமல் இருப்பவர்களை என்ன செய்வது என்பதில்தான் வந்தது. மேலே ஏறியவர்கள், தோற்றால் இடம் போய்விடும் என்று ஆட்டத்துக்கே வராமல் பட்டியலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நாள் வராவிட்டால், அதன்பிறகு நாளொன்றுக்குப் பன்னிரண்டு புள்ளி குறைத்துவிடலாம் என்றேன்.

"எங்கப்பா கடலுக்குப் போனா நாப்பது நாளு கழிச்சாக்கும் வருவாரு," என்றாய். "வந்த பெறவு கர வேல மறந்தா போயிருக்கும்? ஆளு வரல்லன்னா நமக்குத் தெரியல்லன்னு வை. கொறஞ்சு போச்சுன்னு எதுக்கு வைக்கா?"

அண்ணன் என் பக்கம் நின்றார். விதியை உன் கையாலேயே எழுதினாய், ஒரு பிழை இல்லாமல். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குப் புள்ளிகள் குறைந்தன.

கொஞ்ச நாளில் ஒரு புகார் வந்தது. 'கொம்பன்சுறா' என்ற பெயரில் விளையாடியவர், பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்தவர். "வேலைக்குப் போனது குத்தமா? கடலுல டவர் இல்ல" என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாருக்கும் அனுப்பும் பதிலையே அவருக்கும் அனுப்பினேன்: 'தொடர்ந்து விளையாடி உங்கள் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள்.' நீ என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தாய். உன் இடத்துக்குப் போய்விட்டாய்.

அந்த வருடக் கார்த்திகையில் புயல் வந்தது. வருகிறது என்று தெரிவதற்குள்ளேயே வந்துவிட்டது. கிடங்கின் தகரம் பறந்து போனது, மூன்று நாள் நகரத்தில் மின்சாரம் இல்லை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான்காம் நாள் நீ வேலைக்கு வந்தாய். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அழுகை என்று செய்திகளில் பார்த்திருந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்கப் பயந்து ஒரு தம்ளர் கட்டன்சாயா வாங்கி வைத்தேன். நீ அதைத் தொடவில்லை. பத்து மணிக்குத் திரையில் கொம்பன்சுறாவின் பெயரைத் திறந்தாய். எண் பன்னிரண்டு குறைந்தது. மூன்று வாரமாக ஆட்டத்துக்கு வராத அவர், பட்டியலில் எங்கோ கீழே கிடந்தார்.

"அது எங்க அத்தானாக்கும்," என்றாய். "அக்கா மாப்பிள. சொன்னா நீ பாரபட்சம் பாப்பான்னுதான் சொல்லல்ல."

நான் அனுப்பிய பதில் ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. கடலில் எங்கோ ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் ஊரே காத்திருக்க, இங்கே என் விதி மட்டும் நேரம் தவறாமல் அவரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. இனி எந்தக் காலை பத்து மணியும் எனக்கு நல்லபடியாக வராது என்று தோன்றியது. வரவும் இல்லை.

மறுநாள் நீ வருவதற்கு முன்பே அவருடைய கணக்கை மட்டும் நிறுத்தி வைத்தேன். உனக்கு அந்தக் காட்சி வேண்டாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை. பத்து மணி கடந்தது. எண் அசையவில்லை. நீ திரும்பிப் பார்த்தாய்.

"நீ என்னமும் செஞ்சியா?"

"அவருக்கு மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன்."

எழுந்து நின்றாய். "அவருக்கு மட்டுமா? அப்ப அவரு போயிட்டாருன்னு நீ முடிவு பண்ணிட்டா. படத்துக்கு மால போட்ட மாதிரி இருக்குட்டி. மாத்தி வை."

"நான் அப்பிடி நெனக்கல்லடி."

"கடலுல இன்னும் எத்தன பேரு கெடக்கான்னு தெரியுமா ஒனக்கு? அதுலயும் நம்ம ஆட்டக்காரனுவ இருப்பானுவ. நிறுத்தினா எல்லாருக்கும் நிறுத்து. இல்லன்னா ஒருத்தருக்கும் வேண்டாம்."

நீ பார்த்துக்கொண்டு நிற்க, நான் என் விரலால் அந்த நிறுத்தத்தை நீக்கினேன். பன்னிரண்டு புள்ளிகள் போயின.

பிறகு நீயே அண்ணனிடம் போனாய். தினமும் வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று அவர் தயங்கினார். "அண்ணே, வராதவன் தோத்தவன் இல்ல," என்றாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சரி என்றார்.

அடுத்த மூன்று பகல்களும் உட்கார்ந்து கணக்கை மாற்றினோம். நீ முதலில் கேட்டதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று அவருடைய பலம். மற்றது அந்தப் பலத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியாது என்பது. ஒருவர் வராத நாட்களில் முதல் எண்ணைத் தொடமாட்டோம். தெரியாமை மட்டும் விரிந்துகொண்டே போகும். அவர் திரும்பி வந்து விளையாடும்போது புள்ளிகள் பெரிதாக ஏறும் அல்லது இறங்கும். சில ஆட்டங்களுக்குப் பிறகு தெரியாமை சுருங்கும். பழைய ஆட்டங்களையெல்லாம் எடுத்துப் புதிய கணக்கில் ஓட்டிப் பார்த்தோம். பிடித்த புள்ளிகளை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தோம். வெளியே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நீ தட்டச்சை நிறுத்துவாய். போன் அடித்தால் இருவரும் நிறுத்துவோம். வேலையில் மனம் லயித்தது என்று சொல்ல மாட்டேன். பயத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் முற்பகல் உன் அக்காவின் பெயர் போனில் வந்தது. நீ எடுக்கவில்லை. "நீ எடுட்டி. எனக்குப் பேடியா இருக்கு," என்று பயந்து என்னிடம் நீட்டினாய். எடுத்தேன். மறுமுனையில் வெறும் அலறல். அது எந்த அழுகை என்று பிரித்தறிய முடியவில்லை. உன் கண் என் முகத்திலேயே இருந்தது. அந்தச் சில விநாடிகளைப் போல ஒரு பயத்தை வாழ்நாளில் அனுபவித்ததில்லை. பிறகுதான் சொல் வந்தது. "எடுத்துட்டாவ மக்கா, எடுத்துட்டாவ. லட்சத்தீவுல ஆசுத்திரியில இருக்காராம்." நான் தலையசைத்தேன். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

அத்தானோடு அதே படகில் போன மூன்று பேர் வரவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அவரை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தாய். உப்பு அரித்த புண்கள் காலில் இன்னும் ஆறியிருக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் புகாரைப் பற்றி எதுவும் பேசவில்லை. "ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கட்டா?" என்று மட்டும் கேட்டார். திரையில் கப்பல் மூழ்கும் இடத்தில் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். தோற்றார். நாம் எழுதிய புதிய கணக்குப்படி எண் ஒரேயடியாகச் சரிந்தது. நானும் நீயும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அவர் அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தோத்ததுக்குத்தானே கொறஞ்சுது? அது செரி. அதுல எனக்கு வெசமமில்ல."

அன்று திரும்பிப் போகும்போது நீ பேருந்தின் ஜன்னலிலிருந்து கை காட்டியது நினைவிருக்கிறது. அவ்வளவு லேசாக உன்னை நான் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றாய். ரத்த அணுக்கள் குறைகின்றன என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "வாறியா?" என்று ஒரு குரல்செய்தி அனுப்பினாய். மறுநாள் வருகிறேன் என்று பதில் போட்டேன். வேலை எதுவும் இருக்கவில்லை. ஊசியும் குழாயுமாக உன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. மறுநாள் வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் கண்மூடிக் கிடந்தாய். அதன்பிறகு திறக்கவில்லை. இதை உன் அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அத்தான் இப்போதும் கடலுக்குப் போகிறார். அவர் போகும் ஒவ்வொரு முறையும் அக்கா உன்னை அழைத்துக்கொண்டிருந்தாள் என்பது நீ போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படகு கரையை நெருங்கி டவர் கிடைத்ததும் அவர் போன் தானாக ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப்புள்ளி வரும். வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன்பே நீ அதைப் பார்த்துச் சொல்லிவிடுவாயாம். இப்போது அவள் என்னை அழைக்கிறாள்.

இந்த முறை அவர் போய் முப்பத்தெட்டு நாளாகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து தெற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. இன்று மட்டும் அக்கா மூன்று முறை பேசிவிட்டாள். "மக்கா, கம்ப்யூட்டர்ல என்னமும் காட்டுதா?"

"இன்னும் தெரியல்லக்கா. தெரிஞ்சா ஒடனே விளிக்கேன்" என்றேன். நல்லபடியாக வருவார் என்று சொல்லவில்லை, பயந்ததையும் காட்டிக்கொள்ளவில்லை. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த வேலை இது. நீ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட அன்று போல இன்றும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொம்பன்சுறா என்ற அந்தப் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.